கூண்டும் ஒரு வீடே: பிளேக் எலியிலிருந்து டோபமைன் வரை

பெங்களூருவின் பிரேசர் டவுன் எலிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட பகுதி. மசூதிச் சாலையின் நோன்புக்கால இரவுக் கடைகளுக்காகவும் கோல்ஸ் பூங்காவின் மரநிழலுக்காகவும் இன்று அறியப்படும் அப்பகுதிக்கு அரசு ஏடுகளில் புலிகேசி நகர் என்று பெயர். அது உருவானதற்குக் காரணம் 1898-ஆம் ஆண்டின் பிளேக். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹூப்ளியிலிருந்து ரயிலில் வந்த ஒருவரோடு நோய் நகருக்குள் நுழைந்தது. சில மாதங்களில் மைசூர் அரசின் ஆளுகையிலிருந்த பழைய நகரிலும், பிரிட்டிஷ் ஆளுகையில் 'தண்டு' என்று வழங்கிய கண்டோன்மென்டிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மதராஸ் மாகாணத்திலிருந்து படையோடும் வணிகத்தோடும் வந்து கண்டோன்மென்டின் நெருக்கமான தெருக்களில் குடியேறியிருந்த தமிழர் குடும்பங்கள் பலவும் அந்தத் துயரில் சிக்கின. தென்னாட்டின் பல ஊர்களில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்த காலம் அது.

மக்கள் மாரியம்மனை வேண்டியபோது நகராட்சி வீட்டைத் திருத்த முனைந்தது. நெரிசலான சந்தைத் தெருக்களிலிருந்து மக்களைப் பிரித்துக் குடியமர்த்த, 1906-இல் புதிய குடியிருப்புக்கான பணி தொடங்கியது. அப்போது மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. கண்டோன்மென்ட் நகராட்சியின் பொறியாளர் ஜே.எச். ஸ்டீவன்ஸ், பெங்களூரில் பிளேக் அண்டாத நகரமைப்பை விளக்கி 1914-இல் ஒரு நூலே வெளியிட்டார். எலி வளை தோண்டத் தோதில்லாத தரை, காற்றும் வெளிச்சமும் புகும் அறைகள், அகலமான தெருக்கள் என்று அந்தச் சிந்தனை விரிந்தது. நோய்க்கு ஒரு கிருமி காரணம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதே கிருமி ஒரு வீட்டில் கொல்வதும் இன்னொரு வீட்டில் தோற்பதும் வீட்டின் அமைப்பைப் பொறுத்தது என்பதையும் ஏற்றுக்கொண்டிருந்தனர்.

எலிக்கும் வீட்டுக்கும் இடையிலான இந்த உறவு சில பத்தாண்டுகளில் வேறொரு வடிவில் ஆய்வகத்துக்குள் திரும்பி வந்தது. அங்கே எலியின் வீடு கூண்டு. கேள்வியும் மாறியிருந்தது. ஆம்பெடமைன், கொக்கெய்ன் போன்ற கிளர்வூட்டி மருந்துகள் மூளையில் நிகழ்த்தும் வேதிமாற்றம் மருந்தை மட்டும் பொறுத்ததா, அந்த விலங்கு யாரோடு, எப்படிக் குடியிருக்கிறது என்பதையும் பொறுத்ததா? இந்தக் கேள்வியின் வரலாறு, பிளேக் ஆய்வு கற்றுத்தந்த ஒரு பாடத்தை மருந்தியல் மெல்ல மெல்ல மீண்டும் கற்ற வரலாறாக இருக்கிறது.

1. வீட்டைப் பகுத்துப் பார்த்தல்

பிளேக் வீட்டோடு தொடர்புடையது என்று சொல்வது எளிது. வீட்டில் எது என்று சொல்வதுதான் கடினம். அழுக்கா, ஈரமா, நெரிசலா, காற்றின்மையா? 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் செய்த சோதனை அந்தக் குழப்பத்தை முதலில் அறுத்தது. பெரிய கண்ணாடிச் சாடி ஒன்றில், தெள்ளுப்பூச்சிகள் மொய்த்த நோயுற்ற எலியை விட்டார். அது சாகும் தறுவாயில், நலமான எலி ஒன்றைச் சிறிய கம்பிக்கூண்டில் அடைத்து அதே சாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட வழியில்லை. சில நாட்களில் இரண்டாவது எலியும் பிளேக்கில் இறந்தது. இடையில் பயணம் செய்யக்கூடியதாக இருந்தது தெள்ளு ஒன்றே.

சிமோனின் முடிவைப் பலர் ஏற்கத் தயங்கினர். 1905 முதல் பம்பாயின் பரேலில் இயங்கிய ஆய்வுக்குழு அதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. இன்று ஹாஃப்கின் நிறுவனம் என்று அறியப்படும் அந்த ஆய்வகத்தில், மனிதர் வாழும் வீடுகளைப் போன்ற சிறு கிடங்குகள் கட்டப்பட்டன. நோயுற்ற விலங்குகளும் நலமானவையும் அவற்றில் ஒன்றாக விடப்பட்டன. தெள்ளு இருந்த கிடங்கில் நோய் பரவியது. தெள்ளு விலக்கப்பட்ட கிடங்கில் விலங்குகள் நெருங்கிப் புழங்கியும் பரவவில்லை. தரையிலிருந்து 2 அங்குல உயரத்தில் தொங்கிய கூண்டின் கினிப்பன்றிகளை நோய் பற்றியது. 2 அடி உயரத்தில் தொங்கியவை தப்பின. தெள்ளின் தாவும் உயரம் அந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் இருந்தது.

இந்தச் சோதனைகளின் பெருமை அவை தந்த விடையில் மட்டும் இல்லை. கேள்வியைப் பகுத்த முறையிலும் இருக்கிறது. 'வீடு' என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருந்த நெரிசல், தொடுகை, உயரம், பூச்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது நோயைக் கடத்துகிறது என்று கேட்டனர். கிளர்வூட்டிகளின் கதையிலும் இதே வேலை தேவைப்பட்டது. அதைச் செய்து முடிக்க அரை நூற்றாண்டுக்கு மேலானது.

2. கூட்டத்தில் இறந்த சுண்டெலிகள்

1927-இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜே.டபிள்யூ. டிரெவன் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு பொருளைத் தரும்போது விலங்குகளில் சரிபாதி இறக்கும் அளவு எதுவோ, அதுவே அப்பொருளின் நச்சுத்தன்மைக்கு அடையாள எண். நீரின் கொதிநிலையைப் போல அந்த எண்ணும் பொருளுக்கே உரிய பண்பு என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியது.

ஆம்பெடமைன் இந்த எண்ணத்தைக் குலைத்தது. 1887-இல் ருமேனிய வேதியியலாளர் லசார் எடெலியானு அதை முதலில் உருவாக்கியபோது அதற்கு எந்தப் பயனும் தெரியவில்லை. 1930-களில் அது மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாகவும் பின்னர் மாத்திரையாகவும் கடைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களின் உறக்கத்தை விரட்டியது. அதன் நச்சளவை ஆராய்ந்த கன், கர்ட் என்ற இருவர் 1940-இல் ஒரு விந்தையைப் பதிவு செய்தனர்: கூட்டமாக வைக்கப்பட்ட சுண்டெலிகள், தனித்தனியாக வைக்கப்பட்டவற்றைவிட எளிதில் இறந்தன.

அதை முறையாக ஆராய்ந்தவர் பர்மிங்ஹாமில் பணியாற்றிய மைக்கேல் சான்ஸ். 1946-லும் 1947-லும் வெளியான அவருடைய கட்டுரைகள் இத்துறையின் தொடக்கப் புள்ளிகள். கூட்டத்தில் இருக்கும் சுண்டெலியைக் கொல்லத் தேவைப்படும் அளவு, தனித்திருப்பதைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கு குறைவு என்று அவர் காட்டினார். கூண்டின் பரப்பு, உடனிருக்கும் விலங்குகளின் எண்ணிக்கை, அறையின் வெப்பம் ஆகியவற்றை மாற்றினால் 'மருந்துக்கே உரிய' எண் என்று கருதப்பட்டதும் மாறியது. அறை வெப்பம் உயர்ந்தபோது தனித்த சுண்டெலிக்கும் நச்சுத்தன்மை கூடியது.

காரணங்களின் ஒரு பகுதி உடலியல் சார்ந்தது. ஆம்பெடமைன் உடல் வெப்பத்தை உயர்த்துகிறது. நெருங்கிக் கிடக்கும் உடல்களிடையே அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. ஒன்றின் பதற்றம் மற்றொன்றைத் தூண்ட, கூண்டு முழுவதும் ஓயாத கிளர்ச்சி பரவுகிறது. நீரிழப்பு சேர்ந்துகொள்கிறது. பின்னாளில் எம்டிஎம்ஏ என்ற கிளர்வூட்டி, நெரிசலும் புழுக்கமும் மிகுந்த நடன அரங்குகளில் இளைஞர்களின் உயிரைப் பறித்தபோது மருத்துவர்கள் கண்ட மிகை உடல்வெப்பமும் நீரிழப்பும் இந்தக் கூண்டுகளை நினைவூட்டின. சான்ஸ் பிற்காலத்தில் விலங்குகளின் சமூக நடத்தையை ஆராய்பவராகவே மாறினார். மருந்தை அளக்கப் புகுந்தவர் அண்டை அயலாரை அளக்க வேண்டியிருந்தது.

3. சர்ப்பகந்தாவும் டோபமைனும்

இந்த விந்தையை மூளையின் வேதியியலாகப் புரிந்துகொள்ள இன்னொரு வழி திறக்க வேண்டியிருந்தது. அதில் இந்தியாவுக்குப் பங்குண்டு. 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் சர்ப்பகந்தா வேர் பயன்படுவதை ஆய்விதழில் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை அவ்வேரின்பால் திருப்பியது. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், மூளையின் நரம்புவேதிகளை வறளச் செய்வது தெரியவந்தது. 1957-இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பின் தந்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபாவைச் செலுத்தினார். முயல்கள் எழுந்தன. டோபமைன் தனித்து இயங்கும் ஒரு நரம்புவேதி என்ற அறிவு அந்தப் பாதையில் உருவானது.

அதே 1957-இல் லூயி லசாக்னாவும் மெக்கானும் சான்ஸின் சுண்டெலிக் கூட்டத்தை மீண்டும் எடுத்தனர். குளோர்புரோமசைன் போன்ற அமைதியூட்டி மருந்துகளை முன்கூட்டியே தந்தால், கூட்டத்தில் இருக்கும் சுண்டெலிகள் ஆம்பெடமைனிலிருந்து காக்கப்படுவதைக் கண்டனர். அதன்பின் கூட்டச் சுண்டெலிச் சோதனை, புதிய மனநோய் மருந்துகளைச் சலித்தெடுக்கும் சல்லடைகளில் ஒன்றாயிற்று. இதில் ஒரு முரண் உண்டு. குடியிருப்பு நிலை மருந்தின் விளைவை மாற்றும் என்ற கண்டுபிடிப்பு, குடியிருப்பைப் பற்றிய கேள்வியாக வளராமல், மருந்து தேடும் கருவியாகச் சுருங்கியது.

டோபமைன் செய்திகளைக் கடத்தும் விதத்தை ஒரு முற்றத்து நீர்த்தொட்டியாக எண்ணிப் பார்க்கலாம். நரம்புமுனை டோபமைனை வெளியே விடுகிறது. வேலை முடிந்ததும் அதை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கொக்கெய்ன் இந்த மீள் உறிஞ்சலை அடைத்துவிடுகிறது. வெளியே வந்த நீர் வடியாமல் தேங்குகிறது. ஆம்பெடமைன் உறிஞ்சும் குழாயையே எதிர்த்திசையில் ஓடச் செய்கிறது. உள்ளிருந்த நீரும் வெளியே கொட்டுகிறது. அப்படிக் கொட்டும் அளவு தொட்டியில் முன்பே எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதைப் பொறுத்தது. குடியிருப்பு நிலை தலையிடும் இடங்களில் இது ஒன்று.

4. தனிமையில் வளர்ந்த எலிகள்

கூட்டம் கொல்கிறது என்றால் தனிமை காக்க வேண்டும். அடுத்த தலைமுறை ஆய்வுகள் இந்த எளிய முடிவை மறுத்தன. சான்ஸ் பார்த்தது வளர்ந்த விலங்குக்கு ஒரே முறை தரப்பட்ட நச்சளவு. வளரும் பருவத்திலேயே எலியைத் தனிக்கூண்டில் அடைத்தால் நிகழ்வது வேறு. தாய்ப்பால் மறக்கும் 21-ஆம் நாளை ஒட்டித் தனிமைப்படுத்தப்பட்ட எலி, உடன்பிறப்புகளோடு உருண்டு விளையாடும் காலத்தை முற்றாக இழக்கிறது. டோரதி ஐனனும் மைக்கேல் மார்கனும் 1977-இல் வெளியிட்ட ஆய்வு, பிறந்த 25-ஆம் நாளுக்கும் 45-ஆம் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தின் தனிமையே நிலைத்த மாற்றத்தை உண்டாக்குவதைக் காட்டியது. அந்தச் சாளரம் மூடியபின் கூட்டத்தில் சேர்த்தாலும் சில மாற்றங்கள் திரும்புவதில்லை.

1990-லும் 1992-லும் ஜோன்ஸ், மார்ஸ்டன், ராபின்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுகள் இதை டோபமைனோடு இணைத்தன. உயிருள்ள எலியின் மூளையில் மெல்லிய குழாயைச் செருகி, நரம்பிடைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக எடுத்து அளக்கும் முறை அப்போது கைவந்திருந்தது. ஆம்பெடமைன் தரப்பட்டபோது, நாட்டத்தோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில், தனிமையில் வளர்ந்த எலிகளிடம் டோபமைன் வெளிப்பாடு கூட்டத்தில் வளர்ந்தவற்றைவிட மிகுந்திருந்தது. மருந்து ஒன்றே; அளவும் ஒன்றே; மூளை தந்த விடை வேறு.

ஆனால் வேதிமாற்றம் கூடினால் நாட்டமும் கூடும் என்று தாவிவிட முடியாது. 1994-இல் ஃபிலிப்ஸும் உடனாய்வாளர்களும் கண்டது இதற்கு எச்சரிக்கை: தனிமையில் வளர்ந்த எலிகள் கொக்கெய்னால் அதிகம் துள்ளின, ஆனால் நெம்புகோலை அழுத்தித் தாமே கொக்கெய்னைச் செலுத்திக்கொள்வதில் பின்தங்கின. 1987-இல் ஷெங்க் முதலியோர் கண்டதோ, தனித்த எலிகள் கூடுதலாகச் செலுத்திக்கொண்டன என்பது. தனிமை தொடங்கிய வயது, நீடித்த காலம், எலியின் இனவகை, மருந்தின் அளவு என ஒவ்வொன்றும் விடையைத் திருப்பக்கூடியது.

இதே காலத்தில் எதிர்த்திசையிலிருந்தும் ஒரு பாதை வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் 1960-களில் மார்க் ரோசன்ஸ்வைக்கும் உடனாய்வாளர்களும், தோழமையும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த கூண்டில் வளர்ந்த எலிகளின் மூளைப்புறணி எடை கூடியிருப்பதைக் காட்டியிருந்தனர். கென்டக்கியில் மைக்கேல் பார்டோவின் குழு அத்தகைய செழிப்பான கூண்டுகளையும் ஆம்பெடமைனையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. 2001-இல் வெளியான அவர்களுடைய முடிவில் நுட்பம் உண்டு. மருந்தின் அளவு குறைவாக இருந்தபோது, செழிப்பான கூண்டின் எலிகள் தனித்த எலிகளைவிடக் குறைவாகவே அதை நாடின. அளவு கூடியபோது அந்த வேறுபாடு மங்கியது. நல்ல வீடு ஒரு வரம்பு வரைதான் காக்கிறது.

பெங்களூருவில் இந்தப் பாதையின் ஒரு கிளை நிம்ஹான்ஸில் தழைத்தது. பழைய மனநோய் மருத்துவமனையும் 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் இணைந்து 1974-இல் உருவான அந்நிறுவனத்தின் நரம்புஉடலியல் துறையில், டி.ஆர். ராஜு, பி.எஸ். சங்கரநாராயண ராவ் ஆகியோரின் குழு செழிப்பான கூண்டுச் சூழலை ஆராய்ந்தது. நெடுநாள் அழுத்தத்துக்கு ஆளான எலிகளை அத்தகைய சூழலில் வைத்தபோது, ஹிப்போகேம்பஸில் புதிய செல்கள் பிறப்பதும் பிழைப்பதும் மீண்டன. சோர்வின் அறிகுறிகளும் தணிந்தன என்று 2009-இல் வெளியான கட்டுரை கூறுகிறது. அது கிளர்வூட்டி பற்றிய ஆய்வு இல்லை. ஆயினும் கூண்டை மாற்றுவது மூளையை மாற்றுவது என்ற அடிப்படையை, பிரேசர் டவுன் இருக்கும் அதே நகரத்தில் அது நிறுவியது.

5. பூங்காவும் அதன் புராணமும்

இவ்விடத்தில் பலருடைய நினைவுக்கும் வருவது 'எலிப்பூங்கா'. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டரும் உடனாய்வாளர்களும் 1970-களின் இறுதியில் அதைச் செய்தனர். பெயரில் உள்ள பிரேசருக்கும் பெங்களூரின் பிரேசருக்கும் தொடர்பில்லை. அகன்ற இடத்தில் கூட்டமாக வாழ்ந்த எலிகள், தனிக்கூண்டு எலிகளைவிடக் குறைவாக மார்ஃபின் கலந்த நீரைக் குடித்தன. சமூக ஊடகங்களில் இச்சோதனை கொக்கெய்னுக்கும் எல்லாப் போதைப்பொருளுக்கும் உரிய நிறுவப்பட்ட உண்மையாகப் பகிரப்படுகிறது. சோதித்தது மார்ஃபின், அது கிளர்வூட்டி இல்லை. பின்னர் அதைத் திரும்பச் செய்தவர்கள் அனைவருக்கும் அதே விடை கிடைக்கவும் இல்லை. எலிப்பூங்கா எழுப்பிய கேள்வி பெரியது. அதன் சான்று அந்தக் கேள்வியின் முழு எடையையும் தாங்காது.

6. குழுவில் எந்த இடம்?

கூட்டம், தனிமை என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது குரங்குகளிடம் செய்த ஆய்வு. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடரின் குழு 20 ஆண் குரங்குகளை முதலில் தனித்தனியே வைத்து, டோபமைனைப் பெறும் டி2 ஏற்பிகளை மூளைப் படப்பிடிப்பால் அளந்தது. அப்போது அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின் நான்கு நான்காகக் குழுவில் விட்டனர். மூன்று மாதங்களில் ஒவ்வொரு குழுவிலும் மேல்கீழ் வரிசை அமைந்துவிட்டது. மீண்டும் அளந்தபோது, தலைமை பெற்ற குரங்குகளின் டி2 அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக உயர்ந்திருந்தது. அடங்கி வாழ்ந்தவற்றில் மாற்றமில்லை. கொக்கெய்னைத் தாமே செலுத்திக்கொள்ளும் வாய்ப்பைத் தந்தபோது, அடங்கிய குரங்குகள் அதை நாடின. தலைமைக் குரங்குகளை அது ஈர்க்கவில்லை. முடிவு 2002-இல் வெளியானது.

ஒரே கூண்டு, ஒரே உணவு, ஒரே தோழமை. ஆயினும் நான்கு குரங்குகளும் நான்கு வீடுகளில் வாழ்ந்தன எனலாம். தனிமை நீங்கினால் போதும் என்ற எண்ணத்துக்கு இது பதில். குழுவுக்குள் ஓயாமல் விலகி வழிவிட்டு, அடிக்கு அஞ்சி, கிடைத்ததைத் தின்று வாழும் விலங்குக்குக் கூட்டம் காப்பாக அமைவதில்லை.

அதே குழு அடுத்துக் கண்டவை இந்த முடிவை மேலும் சிக்கலாக்கின. கொக்கெய்ன் நெடுநாள் தொடர்ந்து கிடைத்தபோது தலைமைக்கும் அடிமைக்கும் இடையிலான வேறுபாடு தேய்ந்தது. மருந்து வீட்டை வென்றது. 2012-இல் பெண் குரங்குகளிடம் செய்த ஆய்வில், தலைமை பெற்றவற்றின் டி2 அளவு உயர்ந்தே இருந்தது. ஆனால் கொக்கெய்னின் ஈர்ப்பு அவற்றிடமே கூடுதலாகத் தெரிந்தது. ஆண் விலங்குகளில் மட்டும் சோதித்து எழுதப்பட்ட பொதுவிதிகள் எவ்வளவு நொய்மையானவை என்பதற்கு இது போதிய எடுத்துக்காட்டு.

2018-இல் மார்க்கோ வெனிரோ முதலியோர் வெளியிட்ட ஆய்வு கேள்வியை வேறு கோணத்திலிருந்து கேட்டது. இரண்டு நெம்புகோல்கள், ஒன்றை அழுத்தினால் மெத்தாம்பெடமைன், மற்றொன்றை அழுத்தினால் ஒரு கதவு திறந்து இன்னோர் எலியுடன் சிறிது நேரம் புழங்கலாம். மருந்துக்குப் பழகியிருந்த எலிகளும் பெரும்பாலும் கதவையே தேர்ந்தன. அதுவரையிலான ஆய்வுகளில் தோழமை ஆய்வாளர் விதித்த நிலையாக இருந்தது. இங்கே அது எலி விரும்பித் தேர்ந்த ஒன்றாக அமைந்தது.

7. வீடு என்ற சொல்லின் உள்ளே

இந்த வரலாற்றை மொத்தமாகப் பார்க்கும்போது, பரேல் கிடங்குகளின் பாடம் திரும்பி வருகிறது. 'குடியிருப்பு நிலை' என்ற ஒரே தொடருக்குள் குறைந்தது நான்கு வேறு காரணிகள் ஒளிந்திருந்தன. நெரிசலும் வெப்பமும் சான்ஸின் சுண்டெலிகளைக் கொன்றன. இளமைத் தனிமை எலியின் டோபமைன் பாதையை வேறாக வளர்த்தது. குழுவில் கிடைத்த இடம் குரங்கின் ஏற்பிகளை மாற்றியது. தேர்ந்துகொள்ளும் உரிமை எலியை மருந்திடமிருந்து விலக்கியது. 'தோழமை நல்லது, தனிமை தீது' என்ற ஒற்றை வரியில் இவை அடங்கமாட்டா. முதலாவது காரணி அந்த வரிக்கு நேர் எதிரானது; மூன்றாவது அதன் பாதியைப் பொய்யாக்குகிறது.

பகுத்துப் பார்க்காமல் வீட்டைக் குற்றம் சாட்டினால் என்ன நேரும் என்பதற்கும் பிளேக் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கையிலெடுத்த அதிகாரிகள் வீடு புகுந்து சோதித்தனர். நோயுற்றவர்களையும் ஐயத்துக்குரியவர்களையும் குடும்பத்திலிருந்து பிரித்து முகாம்களில் அடைத்தனர். புனேயில் அந்த நடவடிக்கைகளுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.சி. ரேண்ட் அவ்வாண்டு ஜூனில் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டு, பின்னர் இறந்தார். தெள்ளின் பங்கு தெளிவாகாத நிலையில், ஏழையின் வீடும் வழக்கமும் நோய்க்குப் பொறுப்பாக்கப்பட்டன. பிரேசர் டவுனின் அகன்ற தெருக்கள் அதே அச்சத்தின் பொறுமையான வடிவம். ஒரே அறிவு ஓரிடத்தில் வீடு கட்டியது. இன்னோரிடத்தில் வீட்டை உடைத்துப் புகுந்தது.

போதைப்பொருள் பற்றிய இன்றைய பேச்சிலும் இந்த இரண்டு பாதைகளும் உண்டு. பழக்கத்துக்கு ஆளானவரைப் பிரித்து அடைப்பது, பிளேக் முகாமின் தருக்கத்தைத் தொற்றாத ஒன்றுக்குப் பொருத்துவது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமைக்குப் பெயர் பெற்றது. ஆனால் தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் பழக்க அடிமைகளுக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கும் 64ஏ பிரிவும் அதில் இருக்கிறது. மறுபுறம், குடும்பத்தைச் சிகிச்சையின் உறுப்பாக்கும் மரபு இந்திய மனநல மருத்துவத்தில் பழையது. 1950-களில் அமிர்தசரஸில் வித்யாசாகர் நோயாளிகளின் உறவினரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் குடும்பத்தோடு தங்கும் முறையைத் தொடர்ந்தது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, மஞ்சக்குடி கிராமத்தில் ஊராரை உடன்வைத்துக் குடிநோய் முகாம்களை நடத்தியது. அங்கே சிகிச்சை பெற்றவர் வாழ்ந்த வீட்டுக்கும் தெருவுக்குமே மருத்துவம் சென்றது.

எலியிடம் கண்டதை மனிதரிடம் அப்படியே ஏற்றுவது தவறு. மனிதரின் வீட்டில் வாடகை உண்டு, சாதி உண்டு, வேலையிழப்பு உண்டு. கூண்டில் இவை இல்லை. ஆயினும் கூண்டு ஒரு கேள்வியைக் கூர்மையாக்குகிறது. 'குடும்பத்தோடு இருந்தால் சரியாகிவிடும்' என்று சொல்லுமுன், அந்தக் குடும்பத்தில் அவருக்கு என்ன இடம் என்று கேட்க வேண்டும். அடங்கிய குரங்கும் குழுவில்தான் இருந்தது.

ஆய்வு மாணவர்களுக்கு இந்த வரலாறு விட்டுச்செல்வது சிறியதொரு பழக்கம். விலங்காய்வுக் கட்டுரையின் முறையியல் பகுதியில், பெரும்பாலோர் தாண்டிப் போகும் வரி ஒன்று உண்டு: விலங்குகள் ஒரு கூண்டுக்கு எத்தனை, எந்த வயதிலிருந்து, எந்த வெப்பநிலையில், எந்தப் பாலினம். அறுவைக்குப் பின் தலையில் பொருத்திய கருவியை உடனிருக்கும் எலி கடித்துவிடக்கூடாது என்பதற்காகவே பல ஆய்வுகளில் எலிகள் தனியே வைக்கப்படுகின்றன. அப்படியானால் அந்த ஆய்வின் டோபமைன் எண்கள் அனைத்தும் தனித்த எலியின் எண்கள். முடிவுரை அதை 'எலியின் மூளை' என்று எழுதும். செய்தித்தாள் 'மூளை' என்று எழுதும்.

ஸ்டீவன்ஸின் காலத்தில் பிளேக் அலுவலர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் தரையைத்தான் முதலில் பார்த்தனர். எலி வளை இருக்கிறதா என்று. ஆய்வுக் கட்டுரைக்குள் நுழைபவரும் முடிவுரைக்கு முன் அந்த ஒரு வரியைப் பார்க்கலாம்.